டீசல் மானியம் நின்றுவிடுமா? உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் பற்றி

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதே, இனித் தமிழ்நாட்டு மீனவர்களுக்கு வரி விலக்கு டீசலும் தடைக்கால நிவாரணமும் நின்றுவிடுமா, இந்தியா இதில் சேராமல் இருப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: நின்றுவிடாது. இப்போது நடைமுறையில் இருக்கும் வாசகம் எந்த நாட்டு டீசல் மானியத்தையும் மொத்தமாகத் தடை செய்யவில்லை. சில வகைப் படகுகளுக்கும் சில வகை மீன் இருப்புகளுக்கும் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஓர் இன மீன்களின் தொகுதிதான் இருப்பு) போகும் மானியத்தைத்தான் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சில வகைகளில் ஒன்று பாக் நீரிணையில் நடப்பதை நேராகத் தொடுகிறது. அதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை என்பதால் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நிலவரம் இது. ஒப்பந்தம் 2022 ஜூன் 17 அன்று ஜெனீவா அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டது. 166 உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 111 நாடுகள், ஏற்புப் பத்திரம் கொடுத்தால்தான் உயிர் பெறும் என்பது விதி. அந்த எண்ணிக்கை 2025 செப்டம்பர் 15 அன்று நிறைந்தது. சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் ஏற்ற நாடுகளில் அடக்கம். அந்த நாளில் இந்தியா பட்டியலில் இல்லை. ஏற்காத நாட்டை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. ஆகவே இந்தியா சேரும்வரை, டீசல் மானியத்துக்கு எதிராக இதை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது. சேர்ந்த பிறகும் வழக்கு அரசுக்கும் அரசுக்கும் இடையேதான். ஒரு மீனவர் மீதோ சங்கத்தின் மீதோ ஜெனீவாவில் எந்த நடவடிக்கையும் வராது. வந்தால், மானியத்தை நிறுத்தும்படி மத்திய அரசுக்குச் சொல்லப்படும். மாநில அரசு தரும் மானியத்துக்கும் அங்கே பொறுப்பாளி தில்லிதான்.

வர்த்தக அமைப்புக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோதே மானியங்கள், ஈடுகட்டு நடவடிக்கைகள் குறித்த ஒப்பந்தம் ஒன்று வந்தது. மானியம் என்பதற்கு அது கொடுத்த இலக்கணம்தான் இன்றும் அடிப்படை. அரசிடமிருந்து நிதி உதவி வர வேண்டும், பெறுபவருக்கு அதனால் ஆதாயம் கிடைக்க வேண்டும், அது எல்லோருக்கும் பொதுவாக இல்லாமல் ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கோ நிறுவனத்துக்கோ போக வேண்டும். கையில் பணம் கொடுத்தால்தான் நிதி உதவி என்றில்லை. வர வேண்டிய வரியை அரசு விட்டுக்கொடுப்பதும் நிதி உதவிதான். விற்பனை வரி இல்லாத டீசல் இந்த இலக்கணத்தில் முழுதாகப் பொருந்தும்.

அந்த ஒப்பந்தம் மானியத்தைப் பார்த்த பார்வையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஏற்றுமதி செய்தால்தான் தருவேன் என்னும் மானியமும், உள்நாட்டுப் பொருளை வாங்கினால்தான் தருவேன் என்னும் மானியமும் நேரடித் தடை. மற்றவை இன்னொரு நாட்டின் தொழிலுக்குக் கேடு செய்தால் மட்டும் வழக்குக்கு உட்படும். கேடு என்றால் சந்தையில் விலை சரிவது, விற்பனை குறைவது. கடலில் மீன் குறைவது அந்தக் கணக்கில் எங்கும் வராது. சுற்றுச்சூழல் நோக்கத்துக்கான சில மானியங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்த 8-ஆம் பிரிவும் 5 ஆண்டுக்கு மட்டுமே எழுதப்பட்டு, புதுப்பிக்கப்படாமல் 1999 கடைசியில் காலாவதியானது. 2001-இல் தோஹாவில் மீன்பிடி மானியம் பேச்சுக்கு எடுக்கப்பட்டதும், 2005-இல் ஹாங்காங்கில் அளவுக்கு மீறிய படகுத் திறனை வளர்க்கும் மானியங்களைத் தடை செய்வோம் என்று அறிவித்ததும் இந்த ஓட்டையை அடைக்கத்தான். 2015-இல் ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14.6 என்ற இலக்கு இதற்கு 2020 என்று கெடு வைத்தது. கெடு தவறியது. இரண்டு ஆண்டு கழித்து ஒப்பந்தத்தின் முதல் பாதி மட்டும் கிடைத்தது.

மானியம் மீனை எப்படிக் குறைக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு விசைப்படகு ஒரு தங்கலுக்கு 500 லிட்டர் டீசல் எரிக்கிறது. லிட்டர் 93 ரூபாய் என்றால் 46,500. ஐஸ், சாப்பாடு, மற்றச் செலவுக்கு 13,500. மொத்தம் 60,000. கடலில் மீன் குறைந்துபோய், பாடு 55,000 ரூபாய்க்குத்தான் கிடைக்கும் என்றால் யாரும் படகை எடுக்கமாட்டார்கள். லிட்டருக்கு 17 ரூபாய் வரி விலக்கு வந்தால் செலவு 51,500 ஆகிறது. 3,500 மிஞ்சும், படகு கிளம்பும். மீன் குறையும்போது தானாகக் குறைந்திருக்க வேண்டிய மீன்பிடிப்பு குறையாமல் போகிறது. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியில் இது இன்னும் மோசம். அந்த 55,000-இல் ஒரு பகுதி, கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும் சங்காயம். அதில் பெரும்பங்கு வளர்ந்தால் நல்ல விலைக்குப் போகக்கூடிய மீன்களின் குஞ்சுகள்.

உலக அளவில் 2018-ஆம் ஆண்டு மீன்பிடி மானியம் 3,540 கோடி டாலர் என்றும், அதில் 2,220 கோடி மீன்பிடித் திறனைக் கூட்டும் வகை என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தனியாக எடுத்தால் எரிபொருள் மானியம்தான் மிகப் பெரிய இனம். 1974-இல் உலகக் கடல் மீன் இருப்புகளில் 10 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை. இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்த எண்கள் உணவு வேளாண் அமைப்புடையவை.

ஒரு மானியம் ஒப்பந்தத்தில் சிக்குமா என்று பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. அதே வரிசையில் கேட்டால் குழப்பம் வராது. முதலில், அது மேலே சொன்ன இலக்கணப்படி மானியமா, மீன்பிடித் தொழிலுக்கு மட்டும் உரியதா? ஊருக்கே பொதுவான ரேஷன் அரிசி இதில் வராது. இரண்டாவது, அது கடலில் இயற்கையாக வளரும் மீனைப் பிடிப்பதற்கா? இறால் பண்ணை, கூண்டு மீன் வளர்ப்பு, ஏரி ஆற்று மீன்பிடிப்பு எல்லாம் வெளியே. மூன்றாவது, பெறுகிற படகோ அதை நடத்துபவரோ சட்டவிரோத, தெரிவிக்கப்படாத, நெறிப்படுத்தப்படாத மீன்பிடிப்பில் ஈடுபட்டதாகத் தீர்மானிக்கப்பட்டவரா? நான்காவது, பிடிக்கிற மீன் இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்டதா, அதை மீட்க ஏற்பாடு எதுவும் இல்லையா? ஐந்தாவது, எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் எந்தப் பிராந்திய மீன்வள அமைப்பின் பொறுப்புக்குள்ளும் வராத ஆழ்கடலில் பிடிக்கிறதா? கடைசி மூன்றில் ஒன்றுக்கும் ஆம் என்ற பதில் இல்லையென்றால் இப்போதைக்கு மானியத்துக்குத் தடை இல்லை.

தடைக்கால நிவாரணத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் இருப்பதற்காகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தரப்படுகிறது. இது மீன் பிடிப்பதை ஊக்குவிக்கவில்லை. இரண்டாம் கட்டப் பேச்சுவார்த்தைக்கு வந்த கடுமையான வரைவில்கூட, பருவத் தடையின்போது பிழைப்புக்காகத் தரும் உதவி விலக்குப் பட்டியலில்தான் இருந்தது. நிவாரணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனிக் கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அது சட்டவிரோத மீன்பிடிப்பு பற்றிய 3-ஆம் பிரிவு.

ஒரு படகு சட்டவிரோத மீன்பிடிப்பில் ஈடுபட்டது என்ற தீர்மானத்தை மூன்று தரப்பு எடுக்கலாம்: தன் கடற்பகுதியில் நடந்ததற்கு அந்தக் கடலோர நாடு, தன் கொடி பறக்கும் படகுக்கு அந்தக் கொடி நாடு, தன் பொறுப்பிலுள்ள கடலுக்குப் பிராந்திய மீன்வள அமைப்பு. முதலாவதைக் கவனியுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து போன இழுவைமடிப் படகை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது என்றால், கடலோர நாடு இலங்கை. 1974, 1976 உடன்பாடுகள் இரு நாட்டுக் கடல் எல்லையை வகுத்திருக்கின்றன. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. ஆகவே எல்லை தாண்டியது ஒரு மீறல், இழுவைமடி போட்டது இன்னொரு மீறல். இரு நாடுகளும் ஒப்பந்தத்துக்குள் இருந்து, இலங்கை முறைப்படி தீர்மானம் எடுத்து அறிவித்தால், அந்தப் படகுக்கும் அதை நடத்துபவருக்கும் மானியம் தர இந்தியாவுக்குத் தடை வரும்.

நடத்துபவர் என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் தரும் விளக்கத்தைப் படித்தால்தான் இதன் வீச்சு புரியும். படகின் உரிமையாளர் அல்லது படகைப் பொறுப்பேற்றுச் செலுத்துபவர், கட்டுப்படுத்துபவர் என்று இருக்கிறது. பிடிபட்ட படகு இலங்கை நீதிமன்றத்தில் அரசுடைமையாகிவிட்டால் அந்தப் படகுக்கு மானியம் என்ற பேச்சு முடிந்துவிடும். ஆனால் உரிமையாளருக்குக் கரையில் இன்னும் இரண்டு படகு இருந்தால், அவற்றின் டீசல் ஒதுக்கீடும் கேள்விக்குள்ளாகும். மீட்க முடியாமல் போன படகுகளுக்குத் தமிழக அரசு தரும் இழப்பீட்டுத் தொகையும் நடத்துபவருக்குப் போகும் மானியம்தானே என்று வாதம் எழும். சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் தினப்படி வேறு விஷயம். அது மீன்பிடிப்புக்குத் தரும் உதவி இல்லை என்று காட்டுவது எளிது.

இதில் இந்தியாவுக்குப் பிடிமானம் இல்லாமலும் இல்லை. கடலோர நாட்டின் தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமானால், படகைப் பிடித்து வைத்திருப்பதைக் கொடி நாட்டுக்கு உரிய நேரத்தில் தெரிவித்திருக்க வேண்டும். எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். தீர்மானத்துக்கு முன் தகவல் பரிமாற வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். முடிவையும் தண்டனையையும் அறிவித்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் மானியத்தை நிறுத்துவது என்பதை மீறலின் தன்மை, தீவிரம், திரும்பத் திரும்ப நடந்ததா என்பதைப் பார்த்து மானியம் தரும் நாடே முடிவு செய்யலாம். இயந்திரக் கோளாறால் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்ட நாட்டுப்படகையும், வாரத்துக்கு மூன்று முறை எல்லை தாண்டும் விசைப்படகையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் தண்டனை நடப்பில் இருக்கும் காலம்வரையாவது மானியத் தடையும் இருந்தாக வேண்டும். குறையக் கூடாது. இன்னொன்று: ஒப்பந்தத்தை வைத்து எல்லைத் தகராறைக் கிளற முடியாது. நிலப்பரப்பு உரிமைக் கோரிக்கையைச் சார்ந்திருக்கும் எதிலும் உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு முடிவு சொல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். கச்சத்தீவை அங்கே கொண்டுபோய்ப் பேசுவோம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்களுக்கும் இது பொருந்தும். இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியா தீவின் பக்கம் பிடிபடும் படகுகளுக்குக் கடலோர நாட்டுத் தீர்மானம் வேறொரு தலைநகரிலிருந்து வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்காம் பிரிவு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இருப்புகள் பற்றியது. பலரும் பயப்படுவது இதற்குத்தான். உள்ளதில் மிக மென்மையான பிரிவும் இதுதான். ஓர் இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது என்று சொல்லும் அதிகாரம் கடலோர நாட்டுக்கோ அந்த மீனுக்குப் பொறுப்பான பிராந்திய அமைப்புக்கோ மட்டும்தான் உண்டு. நம் கடலில் உள்ள சாளைக்கும் காரலுக்கும் சீனாவோ ஐரோப்பாவோ தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தியாவில் இந்த மதிப்பீட்டைச் செய்வது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 2022-ஆம் ஆண்டுக்கு அது 135 இருப்புகளை ஆராய்ந்து 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது. அந்தக் கணக்கின்படி இந்திய மானியத்தில் மிகச் சிறு பகுதிதான் இந்தப் பிரிவில் மாட்டும். மாட்டினாலும், இருப்பை மீட்கும் நடவடிக்கை நடக்கிறது என்று காட்டினால் மானியம் தொடரலாம். கண்ணி அளவுக் கட்டுப்பாடு, தடைக்காலம், குறைந்தபட்சப் பிடிப்பளவு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். காகிதத்தில் இருந்தால் போதாது, நடைமுறையில் இருக்க வேண்டும். மடியின் கடைப்பையில் 40 மில்லிமீட்டர் கண்ணி என்று விதி இருக்க, இறங்குதளத்தில் அதைவிடச் சின்னக் கண்ணி மடிகள் காய்ந்துகொண்டிருந்தால், மீட்பு நடவடிக்கை என்று எதைக் காட்டுவது?

சூரை மீனுக்கு மட்டும் தீர்ப்பு நம் கையில் இல்லை. அது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் பொறுப்பு. இங்கேதான் 2017-இல் தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டம் நினைவுக்கு வருகிறது. பாக் நீரிணை இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டு, செவுள்வலையும் நீண்ட தூண்டில்வரிசையும் போட்டுச் சூரை பிடிக்கும் படகுக்கு மாறுவது திட்டம். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், 40 லட்சம். மாநில அரசு 20 சதவீதம், 16 லட்சம். மீனவர் பங்கு 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். மூன்று ஆண்டில் 2,000 படகுகள், 1,600 கோடி என்று இலக்கு வைத்தார்கள். இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. கடன் சுமை, ஒரு நாள் தங்கலுக்குப் பழகியவர்கள் பல நாள் தங்கலுக்கு மாற வேண்டியிருந்தது, ஆழம் குறைந்த பாக் நீரிணைக்குள் நிறுத்த முடியாத அளவுக்குப் படகின் அடிப்பகுதி நீருக்குள் இறங்குவது, சூரைக்கு உள்ளூரில் போதிய விலையின்மை என்று காரணங்கள் பல.

அந்தத் திட்டத்தை ஒப்பந்தத்தின் கண்ணால் பார்த்தால் இன்னொன்று தெரியும். மஞ்சள்துடுப்புச் சூரை 2015-இலிருந்து பல ஆண்டுகள் அந்த ஆணையத்தின் மதிப்பீட்டில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீனாக இருந்தது. 2024 மதிப்பீட்டில்தான் அந்த நிலை மாறியது. அதாவது, பாக் நீரிணையின் அடித்தரையைக் காப்பாற்றக் கொடுத்த மானியம், அப்போது சிக்கலில் இருந்த இன்னோர் இருப்பின் மேல் படகுகளை ஏவியது. அப்போது ஒப்பந்தம் நடைமுறையில் இருந்திருந்தால், மீட்புத் திட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறோம் என்று இந்தியா விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகுக்கான மதிப்பு 120 லட்சமாக உயர்த்தப்பட்டு, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று தொடர்கிறது. இதில் சேருகிறவர்கள் சூரை ஆணையத்தின் இருப்பு நிலவரத்தைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கடன் தவணை ஏழெட்டு ஆண்டு ஓடும். அதற்குள் மீனின் நிலை மாறலாம்.

ஐந்தாம் பிரிவு, நெறிப்படுத்தப்படாத ஆழ்கடல் பற்றியது, நமக்கு அநேகமாகப் பொருந்தாது. பேரிடர் நிவாரணத்துக்குத் தனி விலக்கு உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட பேரிடர், பாதித்த பகுதி, காலவரம்பு என்ற மூன்றுக்கும் கட்டுப்பட்டது. ஒக்கியிலோ கஜாவிலோ உடைந்த படகுக்குப் பதில் படகு கொடுக்கலாம். பேரிடரைச் சாக்காக வைத்து முன்பு இருந்ததைவிடப் பெரிய படகுக் கூட்டத்தைக் கட்ட முடியாது.

எட்டாம் பிரிவு பதிவேடு சம்பந்தப்பட்டது. யாரும் கண்டுகொள்ளாத பிரிவு இது. என் கணிப்பில் இந்தியா சேர்ந்தால் முதலில் திணறப் போவது இங்கேதான். மானியம் எந்த வகை மீன்பிடிப்புக்குப் போகிறது என்று கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இயன்ற அளவுக்கு, மானியம் பெறும் மீன்பிடிப்பில் உள்ள இருப்புகளின் நிலை, பாதுகாப்பு விதிகள், படகுத் திறன், மானியம் பெறும் படகின் பெயரும் அடையாள எண்ணும், இனவாரியான பிடிப்பு ஆகியவற்றையும் தர வேண்டும். உலகக் கடல் பிடிப்பில் 0.8 சதவீதத்துக்கு மேல் போகாத வளரும் நாடுகளுக்கு இதில் தளர்வு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் டன் பிடிக்கும் இந்தியா அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. சட்டவிரோத மீன்பிடிப்பில் ஈடுபட்டதாகத் தான் தீர்மானித்த படகுகளின் பட்டியலையும் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். விசைப்படகின் பக்கவாட்டில் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி ஓர் எண் எழுதியிருக்குமே, அந்த எண்ணை வைத்துப் படகுப் பதிவும் டீசல் ஒதுக்கீடும் ஏற்கெனவே நடக்கின்றன. அந்தப் படகு அன்று என்ன இனம், எத்தனை கிலோ இறக்கியது என்ற விவரம் மட்டும் அதே எண்ணோடு சேர்வதில்லை. மாதிரி எடுத்துக் கணக்கிடும் முறைதான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அது போதும். படகுவாரியான பொறுப்புக்குப் போதாது.

இறால் வளர்ப்பவர்களும் இந்த ஒப்பந்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு இதில் வேலையே இல்லை, பண்ணை இறால் வெளியே. அவர்களைத் தாக்குவது பழைய 1995 ஒப்பந்தம். 2024-இல் அமெரிக்கா இந்திய உறைய வைத்த இறால் மீது விதித்த ஈடுகட்டு வரி (மானியத்தால் வந்த ஆதாயத்தைச் சரிக்கட்ட இறக்குமதி செய்யும் நாடு போடும் வரி) அதன் வழியாக வந்ததுதான். ஏற்றுமதியோடு பிணைந்த சலுகைகளை 2019-இல் ஒரு விசாரணைக் குழுவும் இந்தியாவுக்கு எதிராகவே தீர்த்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. அந்த டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடப்பதால் வழக்கு அப்படியே நிற்கிறது. மீன்பிடி ஒப்பந்த வழக்குகளும் இதே முட்டுச்சந்துக்குள் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி, இந்தியா சேராதது சரியா? 2022-இல் முடிந்தது பாதிதான் என்றேன். அளவுக்கு மீறிய படகுத் திறனை வளர்க்கும் மானியங்கள், அதாவது படகு கட்ட, இயந்திரம் வாங்க, எரிபொருள், ஐஸ், இரை, காப்பீடு, நட்டத்தை ஈடுகட்டுவது போன்றவை, இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்பட்டன. 2024 பிப்ரவரி கடைசியில் தொடங்கிய அபுதாபி மாநாட்டில் அது முறிந்தது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு மாறுதல் காலம், தொலைதூரக் கடலில் பிடிக்கும் நாடுகளுக்கு 25 ஆண்டு மானியத் தடை, மானியத்தைத் தலைக்கணக்கில் பார்க்க வேண்டும் என்பவை இந்தியாவின் நிலைப்பாடு. ஒரு மீனவக் குடும்பத்துக்கு இந்தியா ஆண்டுக்குத் தருவது 15 டாலர்தான், சில பணக்கார நாடுகள் 75,000 டாலர் வரை தருகின்றன என்று ஜெனீவாவில் இந்திய அமைச்சர் வாதிட்டார்.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. கடலைக் காலி செய்தவை நாட்டுப்படகுகள் அல்ல. அபுதாபி வரைவில் பெரிய நாடுகளுக்கு ஒரு வசதியும் இருந்தது: இருப்பை நிர்வகிக்கும் ஏற்பாடு தங்களிடம் இருக்கிறது என்று காகிதம் காட்டினால் மானியத்தைத் தொடரலாம். ஆராய்ச்சிக் கப்பலும் கணக்கெடுப்புப் படையும் வைத்திருக்கும் நாட்டுக்கு அது எளிது. மானியமே குறைவாகத் தரும் நாட்டுக்கு அந்தக் காகிதமும் இல்லை. அந்த அநீதியை இந்தியா எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் 15 டாலர் சராசரி நம் கரைக்குள் உள்ள ஏற்றத்தாழ்வை மறைக்கிறது. தமிழ்நாட்டில் வரி விலக்கு டீசல் ஒதுக்கீடு 2023 அறிவிப்புப்படி விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். மேலே எடுத்த 17 ரூபாய்க் கணக்கில் விசைப்படகுக்கு 3,23,000 ரூபாய், நாட்டுப்படகுக்கு 74,800. துடுப்பு வலிக்கும் வள்ளத்துக்கும், கரையில் மீன் விற்கும் பெண்களுக்கும், பாசி எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு பைசாவும் இல்லை. லிட்டர் கணக்கில் கொடுக்கும் எந்த உதவியும் அதிகம் எரிப்பவருக்குத்தான் அதிகம் போகும். பாக் நீரிணையில் அதிகம் எரிப்பது இழுவைமடி. அந்த இழுவைமடிதான் இக்கரை நாட்டுப்படகுக்காரர்களுக்கும் அக்கரை யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழ் மீனவர்களுக்கும் பகையாகி நிற்கிறது. சிறு மீனவர் பெயரைச் சொல்லி ஜெனீவாவில் வாதாடும் அரசு, கரையில் மானியத்தைச் சிறு மீனவர் பக்கம் திருப்புவதற்கு ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

திருப்புவது எப்படி என்றால், உதவியை எரிபொருளிலிருந்து பிரித்துவிடுவதுதான் முதல் வேலை. அதே தொகையை ஒதுக்கீட்டு அளவுக்கு ஏற்பக் கொடுக்காமல் படகில் வேலை செய்யும் ஆட்களுக்குக் காப்பீடாகவும் தடைக்கால உதவியாகவும் கொடுத்தால், கடலுக்குப் போகும் நாள் கூடுவதில்லை. இறங்குதளத்தில் ஐஸ் ஆலை, சுத்தமான ஏலக்கூடம், குளிர்பெட்டி என்று போட்டால் பிடித்த மீனுக்கு விலை கூடும், கூடுதலாகப் பிடிக்கத் தேவை குறையும். இழுவைமடிப் படகைத் திரும்ப வாங்கி உடைக்கும் திட்டத்தில் ஒரு பழைய பிழை உண்டு: பணம் உரிமையாளருக்குப் போகும், உடனிருந்த ஐந்தாறு தொழிலாளிக்கு ஒன்றும் வராது. அவர்கள் வேறு இழுவைமடியில் ஏறிவிடுவார்கள். உரிமத்தை ரத்து செய்யாமல் படகை மட்டும் வாங்கினால், அந்த உரிமத்தில் அதைவிட அதிகக் குதிரைத்திறன் உள்ள புதுப் படகு வந்து நிற்கும். ஆகவே படகும் உரிமமும் டீசல் ஒதுக்கீடும் ஒன்றாக ரத்தாக வேண்டும், தொழிலாளிக்குத் தனித் தொகை ஒதுக்க வேண்டும்.

சேருவதா வேண்டாமா என்பதில் என் கருத்து: முதல் பாதியில் இந்தியா சேரலாம். அதில் நமக்கு உள்ள உண்மையான இடர் 3-ஆம் பிரிவு மட்டும். அதைத் தீர்க்க வழி இலங்கையோடு பேசுவதும் இழுவைமடியைக் குறைப்பதும்தான், வெளியே நிற்பதில்லை. வெளியே நிற்பதால் நட்டங்களும் உண்டு. தொழில்நுட்ப உதவி நிதிக்கு, ஏற்ற நாடுகளே விண்ணப்பிக்கலாம். வளரும் நாடுகள் தங்கள் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலத்துக்குள் தரும் மானியத்தின் மீது 3, 4-ஆம் பிரிவுகளில் வழக்கு வராது என்ற 2 ஆண்டுச் சலுகையும், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாளிலிருந்து எண்ணினால் 2027 செப்டம்பர் 15-இல் முடிகிறது. தாமதமாகச் சேரும் நாட்டுக்குத் தனியாகக் காலம் எண்ணப்படுமா என்பது வாதத்துக்குரியது. மறுபக்கம், நான்கு ஆண்டுக்குள் இரண்டாம் பாதி முடியாவிட்டால், வர்த்தக அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுத்தாலொழிய, ஒப்பந்தமே 2029 செப்டம்பர் 15 அன்று முடிந்துவிடும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. பொறுத்துப் பார்ப்போம் என்று தில்லி நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் சங்கம் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேளுங்கள்: உங்கள் இறங்குதளத்தில் படகு எண்வாரியாகக் கடந்த ஆண்டு வழங்கிய வரி விலக்கு டீசல், அதே படகுகள் இறக்கிய மீன் இனவாரியாக, இலங்கையில் வழக்கு நடக்கும் படகுகளின் எண்ணும் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதும். முதலாவது மீன்வளத் துறையிடம் இருக்கும். மூன்றாவது துறையும் தூதரகமும் சேர்ந்து தர வேண்டியது. இரண்டாவது கிடைக்காது என்றால் அதையே எழுத்தில் வாங்கி வையுங்கள்.